பட்டியில் பிறப்பும் சாவும்: ஆடு, கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகிற பக்கம், காட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு பட்டி வெள்ளாடு, இரண்டு மாடு, வாசலில் மேய்கிற நாட்டுக்கோழிகள். புதிதாக ஆடு வாங்க நினைக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கொட்டகை எத்தனை அடி, கிடா என்ன விலை, ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி என்றெல்லாம் கேட்பார்கள். ஆடு சாகக் கிடந்தால் என்ன செய்வது, செத்ததை எங்கே புதைப்பது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. உயிர்களை வைத்துப் புழங்குகிற இடத்தில் சாவும் வரும். எவ்வளவு நல்ல கொட்டகை கட்டினாலும் வரும். அந்த நேரத்தில் கை நடுங்காமல் நிற்க என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதுகிறேன்.

என் அம்மாயி காலத்திலிருந்து நான் பார்த்தவரையில், தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இரண்டு நேரத்தில் வருகின்றன. ஒன்று, குட்டி பிறந்த முதல் இரண்டு மணி நேரம். இன்னொன்று, நோய் தெரிந்த முதல் நாள். இந்த இரண்டு நேரத்திலும் நீங்கள் பட்டியில் இருக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

குட்டி போடும் நாள்

கிடா சேர்ந்த தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், நான்கைந்து நாள் முன்னே பின்னே ஆகலாம். கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆடு ஒரே நேரத்தில் நிறையத் தின்னாது. அதனால் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கிற ஆடு கடைசி வாரங்களில் தீவனத்தை வெறுத்து, தலையைத் தொங்கப் போட்டு, தனியாக நின்றால் சும்மா விடாதீர்கள். உடம்பில் சர்க்கரை இறங்கி தாயும் குட்டியும் சேர்ந்தே போகிற நோய் அது. அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். அவர் வரும்வரை வெல்லக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகக் குடிக்க வையுங்கள்.

நாள் நெருங்கியதைத் தெரிந்துகொள்ள மடியை மட்டும் பார்த்தால் போதாது. சில ஆட்டுக்கு மடி பத்து நாள் முன்பே இறங்கிவிடும், சிலதுக்குக் குட்டி போட்ட பிறகுதான் நிறையும். நான் நம்புவது வாலடியைத்தான். வாலின் இரண்டு பக்கமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரண நாளில் அங்கே இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி விறைப்பாக ஒரு நார் ஓடும். நாள் நெருங்க நெருங்க அது இளகும். ஒருநாள் காலையில் விரலை வைத்தால் நாரே கையில் தட்டுப்படாது, வாலடி குழைந்து கிடக்கும். அன்றைக்கு அந்த ஆட்டை மேய்ச்சலுக்கு விடாதீர்கள். அநேகமாக ஒரு நாளுக்குள் போட்டுவிடும். இதைச் சினை இல்லாத ஆட்டிலும் தொட்டுத் தொட்டுப் பழகி வைத்தால்தான் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

தனியாக ஒரு மூலையில் காய்ந்த வைக்கோல் போட்டு அடைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்திருங்கள். ஆடு தரையைப் பிராண்டும், படுக்கும், எழும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்துக் கத்தும். பனிக்குடம் வெளியே தெரிந்த பிறகு ஆடு நன்றாக முக்கத் தொடங்கும். முன்னங்கால் குளம்பு இரண்டும், அதற்கு மேல் மூக்கும் தெரிந்தால் கவலை வேண்டாம், கையை வைக்காதீர்கள். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் குட்டி பிழைக்கும், ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி உள்ளே நசுங்கும்போது தலை இன்னும் உள்ளே இருந்தால் குட்டி நீரை இழுத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் தாய் முக்கும்போது கூடவே, கீழ்நோக்கி, தாயின் மடி இருக்கிற திசையில் இழுக்க வேண்டும். முக்காதபோது இழுத்தால் கருப்பை கிழியும்.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் தெரியவில்லை, அல்லது தலை மட்டும் வந்து கால் வரவில்லை, ஒரு கால் மட்டும் தெரிகிறது என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பக்கத்து மருந்தகத்து டாக்டரின் எண்ணையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். நீங்களே கை விடத்தான் வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னால் நகத்தை வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் கர்ப்பமாக இருக்கிற பெண்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆட்டின் பனிநீரிலும் நஞ்சுக்கொடியிலும் கருவைக் கலைக்கிற கிருமிகள் இருக்கலாம். எங்கள் வீட்டில் என் நாத்தனார் மாசமாக இருந்தபோது கொட்டகைப் பக்கமே விடவில்லை. பத்தியம் என்று அம்மாயி சொன்னதற்கு டாக்டரும் தலையாட்டினார்.

முதல் இரண்டு மணி நேரம்

குட்டி தரையில் விழுந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் துடையுங்கள். மூச்சு விடவில்லையென்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டுக் கூச்சம் காட்டினால் தும்மும். அப்படியும் இல்லையென்றால் காய்ந்த சாக்கால் விலாவை அழுத்தித் தேயுங்கள். அப்புறம் குட்டியைத் தாயின் வாய்க்கு முன்னால் போட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். தாய் நக்கி எடுப்பதை யாரும் தடுக்க வேண்டாம். அந்த நக்குதலில்தான் குட்டிக்கு ரத்தம் ஓடும், தாய்க்கும் இது தன் குட்டி என்று மூக்கில் பதியும்.

தொப்புள்கொடி தானாக அறுந்து நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் வெட்டி, நுனியை டிங்க்சர் அயோடினில் முழுசாக முக்குங்கள். மேலே தடவினால் போதாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் மூட்டு வீங்கி நொண்டுகிற குட்டிகளில் பலதுக்குக் கிருமி உள்ளே போன வழி தொப்புள்தான்.

சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தாயின் உடம்பில் இருக்கிற நோய் எதிர்ப்பு கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாக மட்டும்தான் போகிறது. குட்டியின் குடல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்கிற காலம் ஒரே ஒரு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். முதலில் இரண்டு காம்பையும் ஒரு பீச்சு பீச்சி, அடைப்பு இல்லையென்று பாருங்கள். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் நான்கு தடவை என்பது நல்ல அளவு. அதிகமாகக் கறக்கிற ஆட்டின் சீம்பாலைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருங்கள். தாய் செத்துப்போன குட்டிக்கு அதுதான் உயிர். உருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து உருக்க வேண்டும், அடுப்பில் காய்ச்சினால் திரிந்துவிடும், எதிர்ப்புச் சத்தும் போய்விடும்.

இனி, சில்லிட்டுப்போன குட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காப்பாற்ற முடிகிற குட்டிகளை அவசரத்தில் கொல்வது இங்கேதான்.

மார்கழிப் பனியில் விடியற்காலை பிறந்த குட்டி, தாய் சரியாக நக்காமல் விட்டால், தலையை மடக்கிக்கொண்டு படுத்துவிடும். சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் சூடாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றி இழுத்தால் பயமில்லை, பாலைக் கொடுக்கலாம். வாய் குளிர்ந்து, நாக்கு அசையாமல் கிடந்தால் ஒரு சொட்டுப் பாலும் ஊற்றாதீர்கள். அந்த நிலையில் குட்டியால் விழுங்க முடியாது. பால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றுக்குள் போனாலும் செரிக்காது. முதலில் சூடேற்ற வேண்டும். ஈரத்தைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள். பல்பு கட்டுகிறவர்கள் வைக்கோலுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், இல்லையென்றால் கொட்டகையே எரிந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 102 டிகிரிக்கு மேல் இருப்பது சரியான சூடு. 99-க்குக் கீழே இருந்தால் ஆபத்து. சூடு ஏறி, தலையைத் தானாகத் தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் சீம்பால். விளக்கெண்ணெய், பிராந்தி, காபி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் கொடுக்காதீர்கள்.

நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள், கல்லும் கட்டாதீர்கள். அதற்கு மேலும் விழாவிட்டால் டாக்டர். விழுந்ததை நாய் தின்ன விடாமல் புதைத்துவிடுங்கள்.

மாதம் நிறையாமல் குட்டி வீசிவிட்டால் அந்தக் குட்டியை வெறும் கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆடு வீசினால் கருச்சிதைவு நோய் பட்டிக்குள் வந்திருக்கலாம், அது மனிதர்களுக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.

அடைக்கோழி

கோழிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்கே தெரியும். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காமல், இருட்டான மூலையில் வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சை முட்டையின் அகலமான பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கெட்டு வெடித்து மற்ற முட்டைகளையும் நாசமாக்கும்.

ஓட்டில் துளை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். பாவம் என்று ஓட்டை உரிக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் அது மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டின் உள்சவ்வில் இருக்கிற ரத்தமும் உடம்புக்குள் ஏறுகிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகி, சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொண்டால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நகக்கண் அளவு எடுங்கள். ரத்தம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீரி, பருந்து, காக்கை, பூனை எல்லாம் போக மிஞ்சுகிற குஞ்சுகளை ஒரே வாரத்தில் துடைத்தெடுப்பது வெள்ளைக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், இறக்கை தொங்கும், கூண்டே காலியாகும். வந்த பிறகு மருந்து கிடையாது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்துக் கொடுக்கிற பழக்கம் எங்களிடமும் உண்டு, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்கள் கோழிக் கழிச்சலுக்கு முகாம் போடும்போது இலவசமாகவே போடுகிறார்கள். தடுப்பு மருந்தை ஐஸ் கட்டியோடு கொண்டுவர வேண்டும். வெயிலில் சட்டைப் பையில் வைத்து எடுத்து வந்த மருந்தைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

தினமும் பார்க்க வேண்டியது

காலையில் பட்டியைத் திறந்ததும் ஆடுகள் முண்டியடித்து வெளியே வரும். அப்போது கடைசியாக வருவது எது என்று பாருங்கள். நோய் முதலில் தெரிவது அங்கேதான். அசை போடுகிறதா, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா, காது தொங்குகிறதா. இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டை விரலால் கீழ் இமையைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கிற சதை தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிய ரோஸாக இருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் ஆடு நாளைக்கே விழுந்துவிடலாம், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியும் இருக்கும். எங்கள் மயிலை என்கிற ஆடு நன்றாகத் தின்றுகொண்டு, குட்டிக்குப் பாலும் கொடுத்துக்கொண்டு இருந்தது. இமையைப் பார்த்த பிறகுதான் ரத்தம் வற்றியது தெரிந்தது. கழிச்சல் இல்லாமலே இந்தப் புழு கொல்லும். பூச்சி மருந்தை எடைக்குத் தகுந்தபடி கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும்.

தடுப்பூசியில் இரண்டை விடவே கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டிக்கு மூன்று நான்கு மாதம் ஆனதும் ஒன்று, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. துள்ளுமாரிக்கு வருடம் தவறாமல், மழைக்கு முன்னால். முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற நல்ல கொழுத்த குட்டிதான் துள்ளுமாரியில் துள்ளி விழுந்து சாகும். நோஞ்சான் குட்டி பிழைத்துக்கொள்ளும். மாடுகளுக்கு இப்படித்தான் ஒரு காலத்தில் வெக்கை நோய் வந்து ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போனது. தடுப்பூசி போட்டுப் போட்டே 2011-ல் அதை உலகத்திலிருந்தே ஒழித்தார்கள். அந்த வெக்கையின் உறவுதான் ஆட்டுக்கொல்லி. இதையும் 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஊசி போட ஆள் வருகிறபோது ஆட்டைக் காட்டுக்குள் ஓட்டிவிடாமல் நிறுத்தி வைப்பது நம் பங்கு.

சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் இல்லையென்று தெரிந்த பிறகு பட்டிக்குள் சேருங்கள்.

வயிறு உப்புசமும் பொங்கல் சோறும்

ஒரு பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் விடியலில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி போன் செய்தார்: “அக்கா, ஆடு வயிறு உப்பிக் கெடக்குதுங்க, எந்திரிக்க மாட்டேங்குதுங்க.” ராத்திரி மிஞ்சிய சோற்றுக் குண்டானை ஆடு நக்கித் தீர்த்திருந்தது. சோறு, அரிசி, தவிடு, கம்பு எதையும் ஆடு பழக்கமில்லாமல் ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்து விஷமாகிவிடும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் அடுத்த நாள் ஆடு சாவது இதனால்தான்.

இடது விலா பக்கம் உப்பி, தட்டினால் டொம் டொம் என்று கேட்டால் காற்று. இளம்புல், அகத்தி, வேலிமசால் என்று பச்சையாக நிறையத் தின்று வந்த உப்புசத்துக்கு 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெய் கொடுத்து, நடக்கவிட்டு, முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். சோறு தின்று வந்ததற்கு ஆப்ப சோடா ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, டாக்டருக்காகக் காத்திருங்கள். எதைக் கொடுத்தாலும் ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். வாய் ஓரத்தில் விட்டு, மெதுவாக, அது விழுங்க விழுங்க ஊற்றுங்கள். புரையேறிச் சாகிற ஆடு, உப்புசத்தில் சாகிற ஆட்டுக்குக் குறைவில்லை. கதிர் வராத இளஞ்சோளத் தட்டில் மேய்ந்து கால் வெட்டி இழுத்து விழுகிற ஆட்டுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது, உடனே ஊசி போட வேண்டும்.

ஆடு விடாமல் கத்தி, எச்சில் ஒழுகவிட்டு, கண்ட பொருளையெல்லாம் கடிக்கப் பார்த்தால் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநாய் கடித்ததாக இருக்கலாம். நாய் கடித்ததைப் பார்த்தால் அந்த நிமிடமே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, டாக்டரிடம் தடுப்பூசிக்குக் கொண்டுபோங்கள். அதன் எச்சில் உங்கள் மேல் பட்டிருந்தால் நீங்களும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி மருந்தும் பாறுக் கழுகும்

எங்கள் பக்கத்தில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டின் பாறுக் கழுகுகள் மிஞ்சி இருக்கின்றன. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செத்த மாட்டைக் காட்டோரம் இழுத்துப்போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிஞ்சும். 1990-களில் இந்தியா முழுக்கக் கழுகுகள் விழுந்து விழுந்து செத்தன. சில வகைகளில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. டைக்ளோபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்தால் அந்த இறைச்சியைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டுக்கு அதைப் போடுவதை 2006-ல் தடை செய்தார்கள். கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோபினாக்கையும் 2023-ல் தடை செய்தார்கள். ஆனாலும் மனிதர்களுக்கு விற்கிற டைக்ளோபினாக்கை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசி போட வருகிறவரிடம் “மெலாக்சிகாம் போடுங்க” என்று நீங்களே கேளுங்கள். கழுகுக்கு அது தீங்கு செய்யாது. மாட்டுக்கும் வலி குறையும்.

இதேபோல, சிறுத்தை ஆட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் மிச்ச உடலில் விஷம் தடவாதீர்கள். அதைத் தின்னும் புலி, நரி, கழுகு எல்லாம் சேர்ந்து சாகும். 1972 வனவிலங்குச் சட்டப்படி சிறைக்குப் போகிற குற்றமும்கூட. உடலை நகர்த்தாமல் போட்டோ எடுத்து, வனத்துறைக்கும் கால்நடை டாக்டருக்கும் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு அந்த அறிக்கைதான் வேண்டும்.

இனி பிழைக்காது என்று தெரிந்தால்

இதைச் சொல்வது கஷ்டம். ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். முதுகெலும்பு உடைந்து பின்னங்கால் இழுக்கிற ஆடு, குடல் வெளியே வந்த குட்டி, மூன்று நான்கு நாளாக எழாமல் தின்னாமல் மூச்சு வாங்கிக் கிடக்கிற கிழ ஆடு. இவற்றை “விதி முடிகிறவரை கிடக்கட்டும்” என்று வெயிலில் போட்டு வைப்பது பாவம். டாக்டரைக் கூப்பிட்டு, வலியில்லாமல் முடிக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஊசி போட்ட உடலை நாய்க்கோ கழுகுக்கோ விடக் கூடாது, அந்த மருந்து அவற்றையும் கொல்லும். டாக்டர் வரும்வரை நிழலில் போட்டு, வாயை ஈரத் துணியால் நனைத்து, ஈ மொய்க்காமல் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருங்கள். அது ஒவ்வொரு தடவை கண் திறக்கும்போதும் தனக்குத் தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கட்டும்.

கறிக்கு அறுப்பது வேறு. ஆரோக்கியமான கோழியையோ கிடாவையோதான் அறுக்க வேண்டும். முந்தின இரவு தீனி வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். துரத்திப் பிடிக்காமல் இருட்டில் கூண்டிலிருந்து எடுத்து, அணைத்துப் பிடித்து அமைதியாக்கி, மற்ற கோழிகள் பார்க்காத இடத்தில், நன்றாகத் தீட்டிய கத்தியால் ஒரே வீச்சில் முடியுங்கள். மழுங்கிய கத்தியோடு அந்த வேலைக்குப் போகவே கூடாது. ஊசியோ பூச்சி மருந்தோ போட்டிருந்தால் எத்தனை நாள் கழித்துக் கறி தின்னலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயில் விழுந்ததை “சாவதற்குள் அறுத்துவிடலாம்” என்று அறுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செத்த பிறகு

ராத்திரி நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த உறையாத ரத்தம், வயிறு வேகமாக உப்புகிறது, உடல் சரியாக விறைக்கவில்லை. இப்படி இருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். கத்தி வைக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி கூடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்து வருடம் உயிரோடு இருக்கும். அறுத்தவர்களுக்கும் தின்றவர்களுக்கும் வரும். குழந்தைகளையும் நாய்களையும் தள்ளி வைத்துவிட்டு, மருந்தகத்துக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

மற்ற சாவுகளில் டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்வது நல்லது. குடலில் புழு முடிச்சா, நுரையீரலில் சளியா என்று தெரிந்தால் மீதி ஆடுகளைக் காப்பாற்றலாம். காப்பீடு செய்திருந்தால் காதில் இருக்கிற வில்லையை எடுக்காமல், அது தெரியும்படி போட்டோ எடுத்து அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

குழி ஆறடி ஆழம் இருக்க வேண்டும். கிணறு, வாய்க்காலிலிருந்து நூறடியாவது தள்ளி, மேடான இடத்தில், தண்ணீர் ஊறாத இடத்தில். அடியில் சுண்ணாம்பைத் தூவி, உடலை வைத்து, மேலே மறுபடியும் சுண்ணாம்பு. அது படுத்திருந்த வைக்கோல், மேல் மண், கயிறு எல்லாவற்றையும் கூடவே போடுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் புதைக்காதீர்கள், மக்காது. மண்ணை மேடாகக் குவித்து, மேலே வேலிமுள் போட்டு, கல் வையுங்கள். இல்லையென்றால் காட்டுப்பன்றியும் நாயும் ஒரே ராத்திரியில் தோண்டிவிடும். ஆழமாகத் தோண்ட முடியாத பாறை நிலமாக இருந்தால் ஊராட்சியில் சொல்லி ஜேசிபி கேளுங்கள். வாய்க்காலிலோ ரோட்டோரத்திலோ வீசுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பிள்ளைகளிடம் ஆட்டை விற்றுவிட்டோம் என்று சொல்லாதீர்கள். செத்துப்போச்சு கண்ணு, இந்த நோய் வந்தது, இங்கே புதைத்தோம் என்று சொல்லிவிடுங்கள். அதை மேய்த்த பிள்ளை ஒரு கை மண் போட வேண்டும் என்று கேட்டால் போடட்டும். அடைப்பான், வெறிநோய் போன்ற தொற்று நோயாக இருந்தால் மட்டும் தூரத்திலேயே நிற்கச் சொல்லுங்கள்.

கொட்டகையில் அந்த இடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயில் படும்படி கூரைக் கீற்றை விலக்கி வையுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் தீவனத் தொட்டியையும் சலவை சோடா போட்டுத் தேயுங்கள். அடுத்த பத்து நாள் தினமும் மீதி ஆடுகளுக்குக் காய்ச்சல் பாருங்கள்.

குட்டி செத்த தாய் இரண்டு மூன்று நாள் பட்டியைச் சுற்றி வந்து கத்தும். அதற்கு மடிநோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் வேலை. முழுசாகக் கறக்காமல், மடி இறுக்கம் தளரும் அளவுக்குக் கறந்து, நாளாக நாளாக இடைவெளியைக் கூட்டுங்கள். தானியத் தீவனத்தைக் குறையுங்கள். மடி ஒரு பக்கம் மட்டும் கல்லாகி, சூடாகி, பாலில் திரி வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

பட்டியில் தாயில்லாக் குட்டி இருந்தால் இந்தத் தாயோடு சேர்க்கப் பாருங்கள். அதன் சொந்தக் குட்டி செத்து சில மணி நேரத்துக்குள் என்றால் எளிது. தாயின் பனிநீரையோ பாலையோ குட்டியின் தலையிலும் வாலடியிலும் தடவி, கொஞ்சம் உப்புத் தூளும் தூவினால் நக்கத் தொடங்கும். ஒருநாள் தாண்டிவிட்டால் தாயைக் கழுத்தில் கட்டி நிறுத்தி, குட்டியை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை நீங்களே ஊட்ட வேண்டும். குட்டி அந்தப் பாலைக் குடித்து, அதன் வயிற்றுக் கழிவில் தாயின் பால் வாசனை வர இரண்டு மூன்று நாள் ஆகும். தாய் வாலடியை மோந்து பார்த்து, முட்டாமல் நின்றால் கட்டை அவிழ்த்துவிடலாம். முட்டிக்கொண்டே இருந்தால் வற்புறுத்த வேண்டாம். குட்டிக்குப் பாட்டில் பாலே போதும்.